சர்க்கரை நோய்: இல்லை

கடம்பத்தூர்
11.7.2021

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பூவராகவன் எழுதுவது. போனில் பேசினால் எனக்கு வரிசை குலைந்துவிடுகிறது. அதனால் கடிதம். இதில் எழுதப்போவது:

1. தங்கச்சியின் தாளில் இருந்த எண்
2. அவளைப் படுக்கவைத்த இடம்
3. நர்ஸ் செய்த தவறு
4. நீ செய்ய வேண்டியது

ஒன்று. தங்கச்சி அஞ்சம்மாள் நம்மை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவளுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை நேற்று முழுவதும் படித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த அன்றே ஒரு தாள் போட்டிருக்கிறார்கள். வயது, மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பழைய நோய்கள் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டி, கொரோனாவில் இறந்துபோகும் ஆபத்து நூற்றுக்குப் பதினெட்டு என்று எழுதியிருக்கிறது. பதினெட்டு பயப்பட வேண்டிய எண்ணா, நீயே சொல்.

இரண்டு. எண் கூடுதலாக வந்தவர்களை டாக்டர் மேசைக்கு எதிர்க் கட்டில்களில் போடுவார்களாம். அவளுக்குக் கிடைத்தது கோடியில் இருந்த பதினோராம் கட்டில்.

மூன்று. 'சர்க்கரை நோய்: இல்லை' என்று அந்தத் தாளில் இருக்கிறது. ஆறு வருடமாக மாத்திரை சாப்பிட்டவள் அவள். எழுதிய நர்ஸ் பெயர் பூமிகா. கையெழுத்து இருக்கிறது. கேட்காமலேயே எழுதினாளோ, வேறு யாருக்கோ முன்கட்டில் கொடுப்பதற்காக எண்ணைக் குறைத்தாளோ, எனக்குச் சந்தேகம் வலுக்கிறது.

நான்கு. புகார் மனு எழுதி இணைத்திருக்கிறேன். கணவன் என்ற முறையில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் போடுவதைவிட அதுதான் பொருத்தம்.

கல்பனாவுக்கு இந்தத் தாய்மாமனின் ஆசி. ஆவணிக் கல்யாண வேலைகள் நடக்கின்றனவா? மாப்பிள்ளைப் பையனின் அப்பா பச்சையப்பனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பூவராகவன்

ஆரம்பாக்கம்
19.7.2021

மச்சானுக்கு முனுசாமி வணக்கம்.

கடுதாசி வந்துச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு எழுதிக்கிறீங்க. பிரிச்சதும் பரீட்சைப் பேப்பரோன்னு நெனச்சிட்டேன்.

மனுவுல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். நான் ஜுரத்துல ஊட்ல கெடந்தேன். நீங்கதான் சம்பந்தி பச்சையப்பன் கார்ல அவள இட்டுக்கினு போனீங்க. நீங்க பாத்ததுதான் எனுக்குக் கண்ணு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு மட்டும் மனசக் கொடையுது. நாத்து நடப் போனாலும் அதே நெனப்பு. அந்த நர்ஸ் பொண்ணுக்கும் நமுக்கும் இன்னா பகை? எதுக்கு மச்சான் அப்டி எழுதப்போவுது?

டீல சக்கர போடலன்னா அவ என்னோட போடுவா பாருங்க சண்டை. 'உன் மூஞ்சப் பாத்துக்கினு வெறும் டீய வேற குடிக்கணுமா'ம்பா. இப்ப நானே போட்டுக் குடிக்கிறேன், ருசியே இல்ல.

முனுசாமி

கடம்பத்தூர்
27.7.2021

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பகை இருந்தால்தான் ஒருவர் தவறு செய்வார் என்றில்லை. அது சரியான கேள்வியே இல்லை.

மனு கிடைத்ததாக ரசீது வந்ததா? நீ அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. அங்கே யாருக்கும் பேச்சுக் கொடுக்காதே. பழியை நம் பக்கமே திருப்பிவிடுவார்கள். பச்சையப்பனிடமும் எதுவும் கேட்காதே. அவருக்கு அன்று நடந்தது எதுவும் சரியாக நினைவிருக்காது.

முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒவ்வொரு விடைத்தாளையும் இரண்டு முறை பார்த்த பிறகே மதிப்பெண் போடுவேன். இதையும் பார்த்துத்தான் சொல்கிறேன். நீ வேறு யோசனை செய்யாதே.

பூவராகவன்

ஆரம்பாக்கம்
3.8.2021

மச்சானுக்கு,

நீங்க போவாதன்னு எழுதினது என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டேன்.

அந்தப் பொண்ண வேலைலேருந்து நிறுத்தி வெச்சிக்கிறாங்க. நான் வந்தது தெரிஞ்சி ஆஸ்பத்திரி கேட்டாண்ட வந்து பேசிச்சி. தேர்வாய் கண்டிகை கம்பெனில அவுங்கப்பா லோடு ஏத்துறாராம். அது அழுவல, என்னத் திட்டவும் இல்ல.

'ஐயா, அந்தம்மா மூச்சு வாங்கிக்கினு இருந்தாங்க, பேச முடியல. கூட வந்த பெரியவராண்ட கேட்டேன், சுகர் பிரஷர் எதுனா கீதான்னு. ஒண்ணுமில்லம்மான்னாரு. நல்லா யோசிச்சி சொல்லுங்கன்னு மறுபடி கேட்டேன். அப்பவும் இல்லன்னாரு.' இதான் சொல்லிச்சி.

அப்பறம் ரத்தத்துல சக்கர ஏறனப்போ, கொரோனாவுக்கு வார்டுல போடுற ஸ்டீராய்டு ஊசியாலதான் ஏறுதுன்னு நெனச்சிக்கினாங்களாம்.

வர்ற பன்னண்டாந் தேதி விசாரணை. என்னையும் கூப்ட்டுக்கிறாங்க. அது பொய் சொல்தா மச்சான்? பொய்யின்னு ஒரு வார்த்தை எழுதுங்க, போதும். நான் போயி அப்டியே சொல்றேன். கல்பனாகிட்ட இதெல்லாம் சொல்லல.

முனுசாமி

கடம்பத்தூர்
6.8.2021

முனுசாமிக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பச்சையப்பன் என் தோளை ஒட்டி நின்றிருந்தார். சம்பந்தம் பேசிய அன்றே தங்கச்சி என்னிடம் சொல்லியிருந்தாள்: 'அண்ணா, எனுக்கு சுகர் கீதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். பொண்ணுக்கும் வரும்னு பின்வாங்கிடுவாங்க. தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்காத.' நர்ஸ் கேட்டபோது அவள் சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

அவர் நகர்ந்ததும் திருத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என்னிடம் வார்டின் போன் நம்பர் இருந்தது. மறுநாளும் இருந்தது. முதலில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் நான் கூப்பிடவில்லை. பிறகு டாக்டர் பதினெட்டு என்றார். குறைவுதானே, தேறிவிடுவாள் என்று சும்மா இருந்துவிட்டேன். அது என் பொய்யையும் சேர்த்துக் கூட்டிய பதினெட்டு.

உண்மையைச் சொல்லியிருந்தால் எண் எவ்வளவு ஆகியிருக்கும், முன்கட்டில் கிடைத்திருக்குமா, அவள் பிழைத்திருப்பாளா, எதுவும் எனக்குத் தெரியாது. அது நூறு பேரைப் பற்றிய எண். அதை வைத்து ஒருத்தியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி நானும் வருகிறேன். அங்கே சொன்னால் எப்படியும் பச்சையப்பன் காதுக்குப் போய்விடும். முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய் என் வாயால் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நின்றால் கல்பனா என் முகத்தில் விழிக்க மாட்டாள். நீயும் விழிக்க வேண்டாம். இதற்குப் பதில் போட வேண்டும் என்றில்லை.

ஜூலை பதினோராம் தேதி எழுதிய கடிதத்தில் முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு. எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

பூவராகவன்