வீரம்மாவுக்குச் சொன்ன வாக்கு

ஈப்போ,
3 மே 1982

அன்புள்ள தம்பி உடையப்பனுக்கு,

இங்கே நான் நலம். பிந்துலுவில் மழை விட்டதா? காலில் சேற்றுப்புண் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். ஈரக் காலோடு பூட்ஸ் மாட்டாதே. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கழுவித் துடைத்து, நான் அனுப்பிய பவுடரைப் போடு. கட்டுமான வேலையில் காலை விட்டால் வேறு என்ன இருக்கிறது.

கோப்பெங் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா போன வாரம் முடிந்தது. தோட்டம் என்று பழக்கத்தில்தான் சொல்கிறோம். ரப்பர் மரங்களை முக்கால்வாசி சாய்த்தாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருப்பது கொஞ்சம் குடும்பங்கள். ஆனாலும் தைப்பிங்கிலிருந்தும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்தும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். நம் குடும்பத்து உபயத்துக்கு நீ இல்லாததால் நான் போய் நின்றேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். உனக்காகப் போனேன்.

இப்போது முக்கியமான விஷயம். வீரம்மா உனக்கு எழுதியிருக்க மாட்டாள். அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. தம்பிக்கு அவன் மனைவியைப் பற்றி இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு வழியில்லை. நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆப்பரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பல நாள் பேசிப் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தேன். தேதியும் வாங்கினோம்.

திருவிழாவில் ஒரு பெண்மணிக்குச் சாமி வந்து, கத்தி படக்கூடாது என்று வீரம்மாவுக்கு வாக்குச் சொல்லிவிட்டார். அதோடு எல்லாம் கெட்டது. ஆஸ்பத்திரித் தேதியன்று அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். அந்தப் பெண்மணியை நான் குறை சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றவர். உறுமிச் சத்தமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் யாருக்கும் நிலை தடுமாறும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நீ சொன்னால்தான் அவள் கேட்பாள். உடனே அவளுக்கு எழுது, கண்டிப்பாக எழுது. வேறு செய்தி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
மங்களம்

ஈப்போ,
22 மே 1982

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் நேற்றுக் கிடைத்தது. படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீரம்மாவைக் கடிந்து எழுதுவாய் என்று நினைத்திருந்தேன். நீ என்னைக் கேள்வி கேட்டிருக்கிறாய். சாமி யார் மேல் வந்தது, தண்ணி போட்ட ஆளா, காசுக்கு ஆடுகிற ஆளா, விசாரித்து எழுதுங்கள் என்கிறாய். பொய் சொல்லத் தெரியாத ஆளாக இருந்தால் அம்மன் வாக்கை மீற நமக்குத் தைரியம் இல்லைக்கா என்றும் எழுதியிருக்கிறாய்.

உடையப்பா, அந்தப் பெண்மணி நான்தான்.

போன கடிதத்தில் யாரோ ஒருவரைப் போல எழுதினேன். அதை எழுதும்போதே என் காது சூடாகிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் இரசாயனம் சொல்லிக் கொடுத்தவள், பேய் பிசாசு என்று பேசும் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்துக் காரணம் கேட்டவள், தோட்டத்துக் கோயில் வாசலில் தலைமுடி அவிழ்ந்து ஆடினாள் என்று சொந்தத் தம்பிக்கு எப்படி எழுதுவது?

நடந்ததைச் சொல்கிறேன். உபயக்காரர் என்பதால் பூசாரி சன்னாசி என்னைச் சந்நிதிக்கு முன்னாலேயே நிறுத்தினார். காலையில் ஒரு கோப்பி மட்டும் குடித்திருந்தேன். உறுமி என் வலப்பக்கம். முதலில் தோள்கள் கனத்தன, இரண்டு கையிலும் ரப்பர் பால் வாளி தூக்கியது போல. உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உட்காரத்தான் நினைத்தேன், ஆனால் கால் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது தெரிந்தது. சன்னாசி கொளுத்திய கற்பூரத்தைத் தட்டில் நீட்டினார். நான் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அணையும்வரை வைத்திருந்தேன்.

வீரம்மா அழுதுகொண்டே காலடியில் விழுந்தாள். அப்போது நான் பேசியது எனக்குக் கேட்டது, நிறுத்தத்தான் முடியவில்லை. "ஏண்டி அழுவுற? தகரப் பொட்டியில மடிச்சு வெச்சிருக்கியே பச்சச் சேல, அத எடுத்து ஆத்துல விடு. ஒன் மேல கத்தி படக்கூடாது. நானே கரைக்கிறேன்." அது நம் அம்மா லயத்தில் பேசிய பேச்சு. பல்கலைக்கழகத்துக்குப் போன நாளிலிருந்து நான் பேசாத பேச்சு.

அந்தச் சேலை என்னவென்று உனக்கும் தெரியாது. பிறந்த வாரத்திலேயே தவறிப்போன உங்கள் பிள்ளைக்குக் கட்டிய தொட்டில் சேலை. எரித்துவிட்டதாக உன்னிடம் சொன்னாளாம். எரிக்க மனம் வராமல் இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லையாம். நானும் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்குப் போன ஒவ்வொரு முறையையும் நினைத்துப் பார்க்கிறேன், என்றைக்காவது அந்தப் பெட்டி திறந்து கிடந்ததா என்று. நினைவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

மறுநாளிலிருந்து என் பாடு பெரும் பாடு. தோட்டத்து லயத்துச் செல்லாயி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். "டீச்சரம்மா மேலயே ஆத்தா வந்துட்டா, அப்புறம் நாமெல்லாம் எம்மாத்திரம் லா" என்று பாசாரில் என்னைக் கண்ட இடத்திலேயே கை கூப்பினாள். கையில் மீன் பை. எலுமிச்சம்பழத்தோடு இரண்டு பேர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் பிச்சைமுத்து மெதுவாகப் பக்கத்தில் வந்து, "டீச்சர், லாட்டரிக்கு நாலு நம்பர் மட்டும் சொல்லுங்க டீச்சர், அடிச்சா உங்களுக்கும் ஒரு பங்கு" என்றார். ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதெல்லாம் போகட்டும். வீரம்மாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். அது சாமி இல்லை, நான்தான், பசி மயக்கத்தில் உளறிவிட்டேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லல அண்ணி. சாமியே இல்லங்கிற ஆளு நீங்க. உங்க வாயில வந்து சொன்னா அது பொய்யா இருக்குமா? சேலை வெச்சிருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும், அதச் சொல்லுங்க" என்றாள். நான் நம்பாததுதான் அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. சேலையை ஆற்றில் விட்டுவிட்டு, கட்டி கரைவதற்காகக் காத்திருந்தாள். வற்புறுத்தி டாக்டரிடம் மறுபடி காட்டினேன். பெரிதாகியிருக்கிறது, இனியும் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கும் அவள் அசையவில்லை. வெளியே வந்ததும் எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தாள். "நீங்க ஏன் அண்ணி இப்படி சூசா பண்ணிக்கிறீங்க, கவலப்படாதீங்க, அம்மா பாத்துக்குவா" என்று எனக்கே தைரியம் சொன்னாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பயமாக இருந்தது. அதனால் ஒரு காரியம் செய்தேன். போன வாரம் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நானாகவே போனேன். வீரம்மாவையும் வரச் சொன்னேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன். உறுமி ஏறியதும் கொண்டையைத் தளர்த்திவிட்டு ஆடினேன். என்னை நம்பாதவர் ஒருவரும் இல்லை. ஏமாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "கத்தியும் என் கைதான்டி. பயப்படாமப் போ" என்று வீரம்மாவிடம் சொன்னேன். அவள் என் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

போன முறை போலவே சன்னாசி கற்பூரத்தை நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எடுக்காமல் இருக்க முடியவில்லை. இந்த முறை சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தேன். கண்ணீர் கொட்டியது. ஆத்தா நம்ம கஷ்டத்துக்கு அழுவுறா என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

உள்ளங்கை நன்றாகவே வெந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அமிலம் பட்டுவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். வீரம்மா வந்தால் முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறேன். முதல் முறை ஒரு கொப்புளம்கூட வரவில்லை. காரணம் சொல்ல எனக்குத் தெரியும். அப்போது கை வியர்த்திருக்கலாம், கற்பூரம் சிறியதாக இருந்திருக்கலாம், கையை அசைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஒரு மாணவி வந்து கேட்டால், இரண்டு சோதனையை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்றுதான் சொல்வேன். மூன்றாவது முறை செய்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வீரம்மா இப்போது சம்மதித்துவிட்டாள். ஜூன் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, ஆப்பரேஷன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப் புதுத் துண்டுகூட வாங்கி வைத்திருக்கிறாள். டாக்டர் சொல்வது சரி, கட்டியை எடுத்தே ஆக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பகலில் இல்லை. படுக்கப் போகும்போதுதான் வேறு நினைப்பு வருகிறது. போகச் சொன்னது நான், என் பொய். போகாதே என்று சொன்னது யார்?

இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத ஆளா என்று நீ கேட்டிராவிட்டால் மறைத்துத்தான் இருப்பேன். அவளுக்கு ஏதாவது ஆனால், யார் வாக்கை நம்பி அவள் ஆப்பரேஷன் மேசையில் படுத்தாள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வியை நீ வந்து என் முகத்துக்கு நேராகக் கேள்.

லீவு கேள். கொடுக்காவிட்டாலும் வந்துவிடு, வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தந்தி கொடுத்தால் பயந்துவிடுவாய் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். நான் நடித்ததை வீரம்மாவிடம் சொல்லிவிடாதே. அவள் அந்தத் தைரியத்தில்தான் போகிறாள், அதைக் கலைக்க வேண்டாம். உள்ளே கொண்டுபோகும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரு. கண் விழிக்கும்போது அவள் முதலில் பார்ப்பது உன் முகமாக இருக்கட்டும். நான் வெளியே வராந்தாவில் இருக்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை யாரிடமும் காட்டாதே, படித்ததும் கிழித்துவிடு. ஈப்போவில் இறங்கியதும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போ. அம்மன் முன்னால் நின்று எனக்காகப் பேசு. நீ சின்ன வயதிலிருந்து கும்பிடுகிறவன், உன்னோடு முகம் கொடுத்துப் பேசுவாள். நாற்பத்தெட்டு வயதுவரை இல்லை இல்லை என்று சொன்ன நான் எந்த முகத்தோடு போய் நிற்பது? தாயே, உன் பெயரைச் சொல்லி நடித்தவள் என் அக்கா, கோபம் இருந்தால் அவளோடு வைத்துக்கொள், வீரம்மாவை விட்டுவிடு என்று சொல். யாரும் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடு தம்பி. சத்தமாகச் சொல்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அக்கா,
மங்களம்