ஜெப்சனைப் பற்றி ஐந்து நிமிடம்

தேவகனி,

நான் முன்னாலேயே ஆலயத்துக்குப் போகிறேன். ஆள் வருவதற்குள் மைக்கில் ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும். புட்டும் பயறும் அவித்து வைத்திருக்கிறேன். உன் அக்கா மார்த்தாண்டத்திலிருந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சாவியைப் பக்கத்து வீட்டுப் பெமிலாவிடம் கொடு.

"மவன் போயி வருசம் ஒண்ணாச்சி. எங்கிட்ட வாயத் தொறக்கல. ஊருக்கு முன்னால மட்டும் அவனப் பத்தி என்னத்தப் பேசப் போறிய?" என்று நேற்று கேட்டாய். நான் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன். அதற்குள் இருந்தது இந்தப் பேச்சுதான்.

நினைவு ஆராதனையில் போதகர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். பத்து நாளாகக் கடிகாரம் வைத்துப் படிக்கிறேன். எழுதியிருப்பது மூன்று நிமிடப் பேச்சுதான். அவன் பெயர் வருகிற இடத்தில் நின்றுவிடுகிறேன். பெயரை அடித்துவிட்டு 'என் மகன்' என்று எழுதினேன். அது அதைவிடக் கஷ்டம்.

பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார். நான் நின்றுவிட்டால் தலை குனியாதே. ஜெப்சன் என்று நீ சொல்லு. மீதியை நான் சொல்லிவிடுவேன்.

பயறில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. பார்த்துக்கொள்.

உன் பைபிளுக்குள் பேச்சின் இன்னொரு பிரதி இருக்கிறது. ஊர் கேட்பதற்கு முன்னால் நீ படித்துவிடு.