நிற்கிற காருக்குச் சோறு கிடையாது

அத்தை,

இன்று காலை முதலில் கண்ணில் பட்டது அந்தச் சுவிட்சுதான். ஸ்டீரிங்குக்கு இடது பக்கம், தீப்பெட்டி அளவு கறுப்புச் சுவிட்சு. மேலே தள்ளினால் பெட்ரோல், கீழே தள்ளினால் கேஸ், நடுவில் வைத்தால் இரண்டும் இல்லை. அதன் கீழ் முனையில் இருந்த எழுத்து அழிந்து, அந்த இடம் குழிந்து வழவழப்பாகிவிட்டது. உங்கள் கட்டைவிரல் படும் இடம். பக்கத்துச் சீட்டில் இருந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், உங்கள் கைதான் தெரிந்திருக்கிறது. ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தேய்ந்த இடம் தெரிகிறது.

கேஸ் நிரப்பும் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் டாக்சிகள், பின்னாலும் டாக்சிகள், நடுவில் நம்முடைய வெள்ளைக் கார். எனக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது அத்தை. ஆனால் கார் இன்னும் பெரியப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. நேற்றுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாரு பாப்பா. முடியலன்னா திருப்பிக் குடுத்துடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். அந்த டாக்சிக்காரனுங்ககிட்ட உங்க அத்தை போட்ட சத்தம் எனக்குத் தெரியும். நீ வாயே திறக்க மாட்டியே லா. நீ எப்படி வரிசையில நிப்ப?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஊர் பந்திங்கில் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நான் பள்ளியை விட்டதே வாய் திறக்க முடியாமல்தான். வகுப்பில் எழுந்து நின்றால் தெரிந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும். "இவ வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறா?" என்று அப்பா அலுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வந்து, "என்கூட பிரிக்பீல்ட்ஸ் வரட்டும். நான் பேசுறதக் கேக்குறதுக்கும் வீட்டுல ஒரு ஆள் வேணும்" என்று அழைத்துக்கொண்டு போனீர்கள்.

உண்மையாகவே நீங்கள் ஓயாமல் பேசினீர்கள். சோறு வடிக்கும்போது, டிபன் கேரியர்களை அடுக்கும்போது, பெட்டாலிங் ஜெயா ஆபீஸ்களுக்கு அவற்றைக் கொண்டுபோகும்போது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரரிடம்கூடப் பேசுவீர்கள். ஆனால் உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னல் வழியாக ரோட்டின் சத்தம் எல்லாம் காதில் வந்து மோதும். இஞ்சின் சத்தம் தனியாகக் கேட்காது.

கேஸ் காரில் அதுதான் முக்கியம். காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இஞ்சின் சூடான பிறகு சுவிட்சை நடுவில் வைக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கிற பெட்ரோல் எரிந்து தீரும்போது இஞ்சின் லேசாக இருமும். அந்த இருமல் கேட்டதும் கேசுக்குத் தட்ட வேண்டும். அதற்கு முன்பே தட்டினால் திணறும். தாமதமாகத் தட்டினால் நடுரோட்டில் நின்றுவிடும். முதல் வாரம் நீங்கள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தீர்கள். லோரிக்காரர்கள் ஹாரன் அடித்தே நமக்குக் காது கிழிந்தது.

எனக்கு அந்த இருமல் தெளிவாகக் கேட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அதனால் உங்கள் முழங்காலைத் தட்டினேன். நீங்கள் சுவிட்சைத் தட்டினீர்கள். கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போனது. "அட, இது நல்லா இருக்கே! பேசுறதுக்கு நான், கேக்குறதுக்கு நீ" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து அதுதான் நமக்கு வழக்கம்.

அந்தக் காருக்குக் கேஸ் பொருத்தியபோது நீங்கள் பெரியப்பாவைக் கேட்கவில்லை. தன் பழைய காரை அவர் உங்களுக்கு ஓட்டக் கொடுத்திருந்தார். பெட்ரோல் குடித்தே அது உங்கள் சமையல் சம்பாத்தியத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு டாக்சிக்காரர் சொன்னதைக் கேட்டு நேரே போய் மாற்றிவிட்டீர்கள். பின்பக்கப் பெட்டி முழுவதும் ஒரு சிலிண்டர் படுத்துக்கொண்டது. டிபன் கேரியர்கள் எல்லாம் பின் சீட்டுக்கு வந்தன. மேட்டில் ஏறும்போது கார் கொஞ்சம் சோம்பும். ஆனால் பெட்ரோலுக்குப் போன காசில் பாதிக்கு மேல் மிஞ்சியது. புது மிக்சி அப்படித்தான் வந்தது.

பெரியப்பா பார்க்க வந்தபோது பெட்டியைத் திறந்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"என்ன இது? பின்னால பாம் வச்சுக்கிட்டா ஓட்டுற?"

"சிலிண்டர் அண்ணே. அடுப்புக்கு வச்சிருக்கோமே, அது மாதிரி."

"அடுப்பு ஹைவேல ஓடுதா?"

பிறகு கோயிலில் பூசை போட்டோமே, நினைவிருக்கிறதா? சக்கரத்துக்கு எலுமிச்சம் பழம் வைத்தாகிவிட்டது. ஐயர் சூடத் தட்டோடு காரைச் சுற்றி வரப்போனார். "ஐயரே, நில்லுங்க! இது கேஸ் காரு!" என்று பெரியப்பா கத்திய கத்தலில் ஐயர் முன் சக்கரத்தோடு நின்றுவிட்டார். எவ்வளவு சொல்லியும் பின்னால் போகவில்லை. முன்பக்கம் மட்டும் தீபம் காட்டிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார். "அரைப் பூசை போட்ட காரு" என்று பெரியப்பா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். கார் எங்காவது ஒரு தடவை நின்றால் போதும், "பின்னால தீபம் காட்டலல்ல" என்பார்கள்.

பெரியப்பாவின் மகன், அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "பந்திங்ல ஒருத்தர் கேக்கிறாரு. கல்யாணம் முடிஞ்சதும் வண்டிய அவருக்குக் குடுத்துடுறேன். நீ என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து சமைச்சுப் போடு. இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?"

அன்று முழுவதும் நீங்கள் பேசவே இல்லை. உங்களை அப்படி நான் பார்த்ததில்லை. இரவு பாத்திரம் துலக்கும்போதுதான், "கார் போனா நானும் யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையக்காரிதான், பாப்பா" என்றீர்கள்.

கல்யாணம் கிள்ளானில். மாப்பிள்ளையும் பெரியம்மாவும் முதல் நாளே போய்விட்டார்கள். தாலியைக் காலையில் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் வைத்துப் பூசை முடித்துப் பெரியப்பா எடுத்துவர வேண்டும். ராகு காலம் முடிந்து முகூர்த்தம். ராகு காலம் தொடங்கும் முன்னே கிளம்பிவிட வேண்டும், கிளம்பின பிறகு வழியில் எதற்கும் நிற்கக் கூடாது என்பது அவர் கணக்கு. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத காரில் தாலிப் பெட்டியோடு ஏறினார். நாம் பாயசக் குண்டானையும் தயிர்ப் பானையையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டிருந்தோம்.

"மண்டபத்து வாசலுக்கு காரக் கொண்டுவராத. தூரமா எங்கயாச்சும் நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே நம்மை முந்திப் போனார்.

டோல் சாவடியைத் தாண்டியதும் எல்லாம் நின்றது. ஷா ஆலாம் பக்கம் ஒரு லோரி கவிழ்ந்துவிட்டதாம். தூறல் வேறு. கண்ணுக்கு எட்டிய தூரம் கார்கள், எல்லாக் கண்ணாடியும் ஏற்றி, ஏர்கான் போட்டு, இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டீர்கள். ஜன்னலை இறக்கி, முந்தானையால் விசிறிக்கொண்டீர்கள்.

"நிக்கிற காருக்குச் சோறு கிடையாது" என்றீர்கள். எப்போதும் சொல்வதுதான். முன்னால் இருக்கிற கார் நகர்ந்தால் ஸ்டார்ட், நின்றால் அணை. பின்னால் இருந்தவர்கள் நம்மைத் திட்டித் தீர்த்தார்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்குகள் மெதுவாகத்தான் அணைந்தன.

அப்படி ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் அவரைப் பார்த்தோம். ரோட்டோரத்தில் புதுக் கார். அதன் பக்கத்தில், பட்டு ஜிப்பா தோளோடு ஒட்டிக்கொள்ள, தாலிப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரியப்பா. கீழே வைக்க முடியாது, காருக்குள் தனியாக விட்டுவிட்டு உதவி கேட்கப் போகவும் முடியாது. ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"என்ன அண்ணே, புது வண்டி நிக்குது?"

"எண்ணெய் தீந்து போச்சு. பெட்ரோல் சொட்டுக்கூட இல்ல."

"வழியில போட்டிருக்கலாமே?"

"ராகு காலத்துல எண்ணெய்க் கடையில நிக்கச் சொல்றியா? கிளம்பினா நிக்கக் கூடாது, தெரியாதா?"

"இப்ப நின்னுட்டீங்களே லா."

தூறல் பலத்தது. பின்கதவைத் திறந்து ஏறினார். பாயசக் குண்டானைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தயிர்ப் பானையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மடியில் தாலிப் பெட்டியோடு உட்கார்ந்தார்.

"ரொம்பச் சாயாதீங்க அண்ணே. பின்னால பாம் இருக்கு" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குள் விளக்கு ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியாகச் சிவப்பு மட்டும் எரிந்தது. கேஸ் முடியப்போகிறது. பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். நீங்களோ பின்பக்கம் திரும்பி அவரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தீர்கள். "இப்ப எந்த வண்டிய விக்கப் போறீங்க? இதையா, அங்க நிக்கிதே அதையா?" அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். மழை, ஹாரன், உங்கள் இருவர் சத்தம். அதன் நடுவில் இஞ்சின் இருமியது. முழங்காலைத் தட்டினேன். நீங்கள் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை இருமியது, இந்தத் தடவை ஆழமாக. இங்கே நின்றுபோனால் தாலியும் நிற்கும், காரும் போய்விடும்.

"அத்தை! இப்ப!"

அது என் குரல்தான். பக்கத்துக் காரில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். உங்கள் கட்டைவிரல் சுவிட்சை மேலே தள்ளியது. கார் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்து, குலுங்கி, பெட்ரோலில் பிடித்துக்கொண்டது. வாராவாரம் கொஞ்சமாவது பெட்ரோல் ஊற்றி வைத்திருந்தோம். கேசிலேயே ஓடியதால் அது அப்படியே கிடந்தது. அதுதான் நம்மைக் கிள்ளான் வரை கொண்டுபோனது.

பின் சீட்டிலிருந்து பெரியப்பா கேட்டார், "இந்தப் பிள்ளைக்குப் பேச வருமா?"

"வேண்டியப்ப வரும்" என்றீர்கள்.

மண்டபத்து வாசலில் எல்லோரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. தூரமாக நிறுத்தச் சொன்ன கார் வாசல்படி வரை போய் நின்றது. மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியப்பா தாலிப் பெட்டியோடு இறங்கியதும், மாப்பிள்ளை வீட்டை வரவேற்க வைத்திருந்த ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டு அம்மா ஓடி வந்தார். வெற்றிலை மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவருக்குச் சுற்றி முடித்ததும் பெரியப்பா காரைக் கையால் காட்டினார்.

"காருக்கும் சுத்துங்க."

அந்த அம்மா முன்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றினார்.

"அங்க மட்டும் இல்லம்மா, பின்னாலயும். அங்கதான் பாக்கி இருக்கு."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கார் பின்னால் போய் நின்று நிதானமாகச் சுற்றினார். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தீர்கள். கழுத்து இன்னும் இரண்டு அங்குலம் நீண்டிருந்தது. பந்தியில், வண்டியை வாங்க இருந்த அந்தப் பந்திங்காரர் அதைப் பற்றிக் கேட்டாராம். "அது விக்கிறதுக்கு இல்ல, என் தங்கச்சி வண்டி" என்று பெரியப்பா பாதிச் சோற்றில் எழுந்து நின்று சொன்னதாகப் பெரியம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நமக்கு இரண்டு வருடம் கிடைத்தது. சர்க்கரை உங்களைக் கொண்டுபோகும் வரை அந்தக் கார் ஒரு நாளும் சோறு கொண்டுபோகத் தவறவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போனீர்கள். சிக்னலில் அப்பா இஞ்சினை ஓடவிட்டு நின்றபோது, பின் சீட்டில் படுத்துக்கொண்டே, "அணைங்க, அணைங்க" என்றீர்கள். அப்பா சிரித்துக்கொண்டே அணைத்தார்.

இன்று காலை வரிசையில் நானும் அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரே ஒரு டாக்சி இருந்தபோது, பக்கவாட்டில் வந்த இன்னொரு டாக்சி மூக்கை நுழைத்தது. ஓட்டியவர் என்னைப் பார்த்தார். சின்னப் பெண், தனியாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் நுழைத்தார். பெரியப்பாவின் சாவி வளையம் என் கைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை அந்தத் தேய்ந்த இடத்தில் வைத்தேன்.

பிறகு கண்ணாடியை இறக்கினேன்.

"அங்கிள்! வரிசை பின்னால இருக்கு!"

பின்னாலிருந்த டாக்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். "டேய், அந்தக்கா போட்ட மாதிரியே இருக்குடா சத்தம். போ, பின்னால போ." மூக்கை நுழைத்தவர் ரிவர்ஸ் எடுத்தார்.

கேஸ் நிரப்பினேன். பின் சீட்டில் டிபன் கேரியர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து ரோட்டுக்கு வந்தேன். இஞ்சின் சூடானதும் சுவிட்சை நடுவில் வைத்து, காது கொடுத்துக் காத்திருந்தேன்.

இருமியது. தட்டினேன்.