அடுத்தவன் இடத்தில் என் விரல்

அக்டோபர் 9, 2014
எங்கள் பீல் துறைமுகத்தில் சிப்பிப் படகுக்காரர்கள் கூட்டம். ஆய்வாளர் கேத்ரின் கடல் வரைபடத்தை விரித்து, குஞ்சுச் சிப்பிகள் வளர ஓர் இடத்தை யாரும் வாராமல் மூன்று வருடம் மூடிவைக்க வேண்டும், எது என்று நீங்களே காட்டுங்கள் என்றாள். நல்ல மனசு, எங்களைத் தெரியாத மனசு. ஒவ்வொருவன் விரலும் அடுத்தவன் இடத்தில்தான் போய் நின்றது.

என்னுடையதும். மச்சினன் ஓரி சிப்பி வாரும் கரையோரத்தில்.

"கை ரொம்ப நீளுதே மச்சான்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

அக்டோபர் 23
கேத்ரினை என் படகில் ஏற்றிக்கொண்டு ஓரியின் இடத்துக்குப் போய், சிப்பி வாரும் இரும்புக் கூடையைக் கடலடியில் இழுத்துப் பார்த்தோம். குஞ்சுகள் குவிந்து வந்தன. அவளுக்கு வாயெல்லாம் பல்.

"இதே மாதிரி வேற எங்கயாவது இருக்கா?"

"தெரியலையே."

வடக்கு முனைக்கு அப்பால் எனக்கு ஒன்று இருக்கிறது. ஏன் வாயைத் திறக்கவில்லை?

நவம்பர் 1
பருவம் தொடங்கியது. ஓரியின் இடம் மூடியாயிற்று. அவனுடையது சின்னப் படகு, குளிர்காலத்தில் கரையைவிட்டு அதிக தூரம் போகாது. தெரிந்துதானே விரலை வைத்தேன்?

பிப்ரவரி 16, 2015
ஓரி படகை விற்றுவிட்டான். மீனுக்குப் புகைபோடும் கூடத்தில் வேலையாம். தன் தம்பி விஷயத்தை என் மனைவி ஈலிஷ்தான் சொன்னாள். உருளைக்கிழங்கை என் தட்டில் போட்டுவிட்டு, "உன் இடம் பத்திரமா இருக்குல்ல? சாப்பிடு," என்றாள்.

இவளுக்கு எப்படித் தெரியும்? படகில் வேலை செய்பவர்கள் வாய்தான், வேறென்ன.

ஜனவரி 20, 2017
வடக்கு முனையில் கூடைக்குப் பாதி கல்.

செப்டம்பர் 12
தாங்க முடியாமல் வடக்கு முனை இடத்தைக் கேத்ரினிடம் சொல்லிவிட்டேன். இன்று அங்கே போனோம். கல், நட்சத்திரமீன், உடைந்த ஓடு. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

"அப்பவே சொல்லியிருந்தா இதையும் மூடியிருக்கலாமே," என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூடவிடாமல் காப்பாற்றியதாக நினைத்தேனே — நானேதான் வழித்து எடுத்திருக்கிறேன். கொடுத்திருந்தால் இருந்திருக்கும். ஓரியும் கடலில் இருந்திருப்பான்.

நவம்பர் 1
ஓரியின் இடம் திறந்தது. என் படகுக்குக் கூப்பிட்டேன், வந்தான். கேத்ரினும் ஏறிக்கொண்டாள். கூடை ஏறியதும் தளம் முழுக்கச் சிப்பி, ஒவ்வொன்றும் கை அகலம். அவன் குனிந்து, அளவுக்குக் குறைந்ததைப் பொறுக்கித் திரும்பக் கடலில் விட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை.

"மன்னிச்சிடு ஓரி," என்றேன். "உன் இடம்டா இது."

"படகு இருந்தாத்தான மச்சான் இடம்."



கரைக்குத் திரும்பும்போது கேத்ரின் பழைய வரைபடத்தை எடுத்தாள். அடுத்து எதை மூடலாம் என்று கேட்டாள்.

"மச்சானக் கேளுங்க," என்றான் ஓரி. "விரல் வைக்கறதுல கெட்டிக்காரரு."

நான் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை.