பேட்டரி தாழுது என்று சொன்னீர்கள்

அண்ணே,

உங்கள் பையைத் திறந்ததிலிருந்து என் வீடெல்லாம் தைல வாசம். நேற்று சாயங்காலம் உங்கள் மகள் கொண்டுவந்து வைத்தாள். "மாமி, இத நீங்க வச்சுக்கிடுங்க. வீட்டில இருந்தா அம்மைக்குப் பாக்க வய்யா, தாங்கமாட்டா" என்றாள். காப்பிகூடக் குடிக்காமல் ஆட்டோ ஏறிவிட்டாள். அப்புறம்தான் ஜிப்பை இழுத்தேன். ரேடியோ, பேட்டரி, சுருட்டிய வயர், ஆன்டெனா கட்டுகிற மடக்குத் தூண்டில் கம்பு எல்லாம் இருந்தன. வெளிப்பக்க அறையில் பாதி தீர்ந்த தைலக் குப்பி, காஸ் மாத்திரை அட்டை. அட்டையில் முக்கால்வாசி காலி.

அப்படியென்றால் ஒரு நாள் வலி இல்லை. பல நாள் வலி. நெஞ்சில் தைலம் தேய்த்து, காஸ் என்று உங்களுக்கு நீங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டு என்னோடு குன்று குன்றாக ஏறியிருக்கிறீர்கள். நான் யார் அண்ணே? வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பென்ஷன் வரைக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நெஞ்சுவலிக்காரர்களைப் பார்த்தவள். என்னிடம் மறைத்திருக்கிறீர்களே, எவ்வளவு தைரியம்!

ஆன்டெனா கட்டி முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற இந்த ஹாம் ரேடியோப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்ததே நீங்கள்தான். ஆயுசு முழுக்க அரசு பஸ்ஸின் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர், ஓய்வு பெற்றதும் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் ரேடியோவை வைத்துப் பேசினால் போதாது, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய் எங்காவது பாறையில் வைத்துப் பேச வேண்டும். என் பிள்ளைகள் வளைகுடாவில், நான் டிவி முன்னால். "பென்ஷன் ஆனவ வீட்டுக்குள்ளயே இருந்தா வீட்டுச் சாமானாக்கும் மக்கா" என்று சொல்லி, லைசென்ஸ் பரீட்சை எழுத வைத்தீர்கள். தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு குன்றுக்குப் போகும்போது பெருங்கடவிளைச் சாயாக்கடைக்காரர் விடமாட்டார்.

"டிரைவரே, மலையில ஏது மீன் கிட்டும்?"

"ஜப்பான் மீனாக்கும்" என்பீர்கள். ஒருநாள் உண்மையாகவே ஒரு ஜப்பான்காரர் ரேடியோவில் கிடைத்தார். கோட்டுகால் பாறையில் இலங்கைக்காரர் கிடைத்தபோது நீங்கள் குதித்த குதியில் கம்பு சாய்ந்து என் தலையில் விழுந்தது. எனக்கு வலித்தது, உங்களுக்குச் சிரிப்பு. இதையெல்லாம் நினைத்தால் கோபம் குறையும் என்று பார்க்கிறேன். கூடத்தான் செய்கிறது.

ஏனென்றால் பொய் என்றாலே சீறுகிற ஆள் நீங்கள். காதில் விழுந்தும் விழாமலும் இருக்கிற குரலுக்கும் மரியாதைக்காக 'ஃபைவ் நைன்', முதல் தரம், என்று மார்க் போடுகிற பழக்கம் உங்களுக்கு ஆகவே ஆகாது. "கேக்கல்லன்னா கேக்கல்லன்னு சொல்லு மக்கா. பொய் மார்க் வாங்கினவன் ஆன்டெனாவ நன்னாக்கவே மாட்டான்." எத்தனை பேரை இப்படித் திட்டியிருக்கிறீர்கள்!

அந்தக் கடைசி நாள் காலையில் நீங்கள் தனியாகக் குன்றுக்குப் போனீர்கள், எனக்கு உறவில் ஒரு கல்யாணம். புறப்படும் முன் வீட்டிலிருந்தே ரேடியோவில் உங்களைப் பிடித்தேன். பேசப் பேசக் குரல் இறங்கியது.

"அண்ணே, குரல் கொறயுதே. என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்ல மக்கா. பேட்டரி தாழுது, அதாக்கும். கொஞ்சம் இருந்துட்டு வாறேன்."

வரவில்லை. ரப்பர் வெட்டப் போனவர்கள்தான் பாறையில் சாய்ந்து கிடந்த உங்களைக் கண்டார்கள்.

நேற்று அந்த பேட்டரியை ரேடியோவில் மாட்டிப் பார்த்தேன். வேறு யாரும் அதைத் தொடவில்லை என்று உங்கள் மகள் சொல்லியிருந்தாள். நிறைய சார்ஜ் இருக்கிறது அண்ணே. இன்னும் பல மணி நேரம் பேசலாம். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் இறங்காதீர்கள், அசையாதீர்கள், அப்படியே இருங்கள் என்றிருப்பேன். ஆம்புலன்ஸோடு வந்திருப்பேன். இனி குன்றேற விடமாட்டாள் என்று பயந்தீர்கள், இல்லையா? ஆமாம், விட்டிருக்க மாட்டேன். என் வீட்டு மாடியில் கம்பு நட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பேச வைத்திருப்பேன். அது அவ்வளவு கேவலமா?

இன்று காலை 'நெட்' என்கிற நம் ரேடியோக் கூட்டத்துக்கு எல்லோரும் வழக்கம்போல அலைவரிசையில் கூடினோம். காஞ்சிரங்குளத்துக்காரர், நம்மில் மூத்தவர், இருமிக்கொண்டே பேசினார். குரல் தேய்ந்தது. எல்லோரும் வரிசையாக ஃபைவ் நைன் போட்டார்கள். அவர், "பேட்டரி தாழுது" என்றாரே பார்க்கலாம், எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"பொய் சொல்லாதேயும்! வோல்ட் எத்தனைன்னு பாத்துச் சொல்லும். நெஞ்சு வலி உண்டா? கை கடுக்குதா?" என்று கத்தினேன். நெட்டை நடத்துகிறவர், "சிஸ்டரே, இது ஆஸ்பத்திரி இல்ல" என்றார். அவரையும் விடவில்லை. உங்கள் பையில் கண்டதை, தைலம் முதல் பேட்டரி வரை, ஒன்று விடாமல் சொன்னேன். நீங்கள் என்னிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அதுவரை எல்லோரும் உங்களை மகான் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு காஞ்சிரங்குளத்துக்காரர் வேறு பேட்டரி மாட்டிக்கொண்டு கணீரென்று வந்தார். அவருக்கு நிஜமாகவே பேட்டரிதான். எனக்கு வெட்கமாக இல்லை.

"பேட்டரி இப்ப கொள்ளாம், நல்லா இருக்கு. நெஞ்சும் கொள்ளாம். மூட்டுதான் வலி" என்றார். அடுத்தவர் சர்க்கரை கூடியிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை என்றார். பாறசாலைக்காரர் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். இன்றைக்கே ஈசிஜி எடுக்கச் சொல்லி, எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். யாரும் யாருக்கும் மார்க் போடவில்லை.

கடைசியில் காஞ்சிரங்குளத்துக்காரர் கேட்டார். "எங்களிட்ட எல்லாம் கேட்டாச்சு. சிஸ்டருக்கு எப்படி உண்டு?"

ஃபைன் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு மைக் பித்தானை அழுத்தினேன்.

"உடம்பு கொள்ளாம். அவருக்க மேல உள்ள கோவம் மாறல்ல. மாறவும் செய்யாது. கேக்குதா?"

"கேக்குது சிஸ்டரே" என்றார். "நல்லா கேக்குது."