எல்லை மாகாணத்து ஆளுநர் எழுதுவது

தனுவச்சபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லிஜாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் ஒன்றும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீயே உருவாக்கி அனுப்பிய பலகை விளையாட்டுப் பெட்டியைப் பற்றி அபிப்பிராயம் எழுதச் சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத வேறு சங்கதியும் வந்து சேரும் போலிருக்கிறது, பொறுமையாக வாசி. இங்கே ஐப்பசி பிறந்து துலா மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் பார்த்து இடியும் மின்னலுமாகக் கொட்டும், பிள்ளைகள் ஓடிவந்து நம் வீட்டுக் கார் ஷெட்டில் ஒதுங்குவார்கள், கொஞ்ச நேரம் வீட்டில் பேச்சும் சிரிப்பும் கேட்கும், பஸ் வந்ததும் போய்விடுவார்கள். நம் சபைப் போதகரை மாற்றிவிட்டார்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன சீக்கு என்று அவர் இப்போதுதான் தெரிந்துவைத்திருந்தார், அதற்குள் மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. புதியவர் வீடு சந்திக்க வந்தபோது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், நான் ஒருவன்தான் என்றேன், குறித்துக்கொண்டு போனார். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாய், டிசம்பரில் கண்காட்சி வேலை இருக்கிறது, அப்பா சுகமாகத்தானே இருக்கிறீர்கள், அப்படியானால் கிறிஸ்மஸை விட்டுவிட்டு அடுத்த கோடையில் வரட்டுமா என்று. சரி மக்கா, மெதுவாக வா என்றேன். அந்தப் பேச்சுக்குத் திரும்பி வருகிறேன், முதலில் பெட்டி.

பெட்டி ஒரு மூலைகூட நசுங்காமல் வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்தேன், ஒரு தட்டு மட்டும் வைக்கிற மேசைதானே, இடத்துக்குப் பஞ்சமில்லை. நடுவில் தலைநகர், சுற்றிலும் மாகாணங்கள், ஒருவர் பேரரசர், மற்றவர்கள் அவர் நியமிக்கிற ஆளுநர்கள். ஆளுநர் தன் சொந்த மாகாணத்தை ஆளக் கூடாது, வேர் பிடிக்கும் முன்னே அவரைப் பிடுங்கி வேறு இடத்தில் நட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறாய். வாசித்ததும் சிரித்துவிட்டேன், வில்லேஜ் ஆபீசராகவே தலை நரைத்தவனுக்கு இது புதிதா. அட்டைகளில் ஜெர்மன் எழுத்தின் மேல் நீயே தமிழில் எழுதி ஒட்டியிருந்தாய், ஓய்வுநாள் பள்ளியில் அம்மா கற்றுக்கொடுத்த அதே குண்டு குண்டான எழுத்து. விளையாட்டை மறந்துவிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுநர் தலைநகருக்கு ஓர் அட்டை அனுப்ப வேண்டும், கையில் இருப்பது இரண்டே வகை, ஒன்றில் சுகம் என்றும் மற்றதில் ஆள் அனுப்பவும் என்றும் எழுதியிருக்கிறது. சுகம் என்று அனுப்பினால் பேரரசரிடம் மதிப்பு ஒரு படி ஏறும், உதவி மட்டும் வராது. ஆள் அனுப்பவும் என்றால் நெல்லும் ஆளும் வந்து சேரும், மதிப்பு ஒரு படி இறங்கும். இதற்கு நடுவில் மழை பொய்த்தால், கொள்ளைக்காரன் புகுந்தால், மாகாணத்தின் கிண்ணத்தில் ஒரு கறுப்பு மணி விழும், விளைச்சல் நன்றாக இருந்தால் நீல மணி, கிண்ணம் கறுப்பால் நிறைந்தால் மாகாணம் போச்சு. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா சொல். உன் பேரரசில் எனக்குச் சில ஆட்சேபணைகள் உண்டு. ஆளுநருக்கு ஒரு பியூன் இல்லை, கேஷுவல் லீவு இல்லை, மனு கொண்டு வந்து வாசலில் நிற்க ஒரு ஜனம் இல்லை, அப்படி ஓர் ஆபீஸ் பூமியில் கிடையாது. பிறகு, கறுப்பு மணிக்கும் நீல மணிக்கும் வித்தியாசமே தெரியவில்லை, நிறத்தை மாற்று.

குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்று பெட்டியின் மேல் போட்டிருக்கிறது. இந்த வீட்டில் மூன்று பேருக்கு நான் எங்கே போக. முதல் இரண்டு நாள் தனியாகவே ஆடிப் பார்த்தேன், நீ சிரிக்காதே. ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் நான் பேரரசர், அடுக்களைப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் ஆளுநர், எழுந்து எழுந்து மாறி உட்கார்ந்தேன், முழங்காலுக்கு நல்ல உடற்பயிற்சி. ஆளுநராக இருக்கும்போது பலகையின் ஓரத்தில், மலைக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற மாகாணத்தை எடுத்துக்கொண்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பாஷை அந்தப் பக்கம் ஒரு பாஷை, ஜனங்கள் இரண்டையும் பேசுவார்கள் என்று அதன் கீழே குறிப்புப் போட்டிருக்கிறாயே, அது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாதா. அங்கேயிருந்து சுற்றுக்குச் சுற்று சுகம், சுகம் என்று அனுப்பினேன். நாற்காலி மாறி உட்கார்ந்து அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்கும்போது, அந்த மாகாணத்தில் கறுப்பு மணி கிடக்கிறது என்று எனக்கே தெரியும், ஆனாலும் அட்டையில் சுகம் என்றுதானே இருக்கிறது, விதிப்படி ஒரு மணி நெல்லும் அனுப்ப முடியாது. நானே பேரரசராக இருந்தும் எனக்கு நானே உதவி செய்ய வழியில்லாமல் போய்விட்டது பார். அப்படியே துண்டு போட்டு மூடி வைத்தேன்.

பிறகு பக்கத்து வீட்டு வேலாயுதனையும் கிருஷ்ணம்மாவையும் கூப்பிட்டேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பிறகு வேலாயுதனுக்கு அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது, வந்ததும் தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நான் ராஜாவாக்கும் என்று உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணம்மாவுக்கு மதிப்பு, படி, ஒன்றும் பொருட்டே இல்லை, ஒரு மணி விழுந்தால் போதும், ஆள் அனுப்பவும் என்று அட்டையைப் புருஷன் முன்னால் வீசுகிறாள். வேலாயுதன் கோபப்பட்டு அவளை மாகாணம் மாகாணமாகத் தூக்கி அடித்தார், நல்லதாட்டுப் போச்சு, உம்ம கூட இருந்து ஒரு ஊரும் பாக்கல்ல, இதுலயாவது நாலு ஊரு பாக்குகேன் என்று அவள் சொன்னாள். உன் மாற்றல் விதியை ராஜா எனக்கு மட்டும் தள்ளுபடி செய்தார், நான் எல்லை மாகாணத்தை விடவில்லை, சுகம் அட்டையையும் விடவில்லை. என் மதிப்பு படி படியாக ஏறி உச்சிக்குப் போய்விட்டது, சாரைப் பாத்துப் படிக்கணும் என்று ராஜா கிருஷ்ணம்மாவிடம் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆபீசில் இருந்தபோதும் தாலுக்காவிலிருந்து போன் வந்தால் இவிடெ குழப்பமொன்னும் இல்ல சாரே என்று சொல்லித்தான் நாக்குக்குப் பழக்கம், குழப்பம் உண்டு என்று சொல்லிப் பார், அது ஏன் வந்தது, நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

நேற்று சாயங்காலம் மழைக்கு நடுவில் திரும்பவும் உட்கார்ந்தோம், அப்போது என் மாகாணம் போய்விட்டது. கிண்ணம் நிறைந்ததை நான் பார்க்கவே இல்லை, அவை நீல மணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலாயுதன் குனிந்து பார்த்துவிட்டு, இது முழுக்கக் கறுப்பல்லியா, சாருக்குக் கண்ணு தெரியல்லியா என்றார், பிறகு தமாஷாக, எல்லாம் சுகமாட்டு இருக்குன்னு சீட்டு வந்துட்டே இருந்தா நான் என்னத்துக்கு நெல்லு அனுப்பணும் சாரே, ராஜா மேல குத்தமில்ல என்றார். நானும் சிரித்தேன். கிருஷ்ணம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு, சாரு கிணத்தங்கரையில மலந்து கெடந்ததையும் அந்தப் பிள்ளைக்கு இப்பிடித்தானே சுகம்னு சொன்னிய, சொல்லப்பிடாதுன்னு எனக்க வாயையும் கெட்டிப் போட்டிய, அழுத பிள்ளைக்குத்தான் பால் உண்டும் சாரே, மனுஷன் உள்ளதை உள்ளதுபோல சொல்லப்பிடாதா என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் எனக்குக் கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் அப்புறம் ஆடவில்லை.

ஆகையால் மகளே, இனி உள்ளதை எழுதுகிறேன். செப்டம்பரில் ஒரு காலை கிணற்றடிப் பாசியில் கால் வழுக்கி விழுந்தேன், எழுந்திருக்க முடியவில்லை, கறிவேப்பிலை பறிக்க வந்த கிருஷ்ணம்மாதான் பார்த்தாள். இடது கை மணிக்கட்டில் எலும்பு விரிசல், கட்டுப் போட்டார்கள், இப்போது கட்டுப் பிரித்தாகிவிட்டது, கை அசைகிறது, பயப்படாதே. போனில் நீ பார்த்தபோதெல்லாம் கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தேன். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று நெய்யாற்றின்கரையில் டாக்டர் சொல்லியிருக்கிறார், வழுக்கினதும் அதனால்தான், பாசி கண்ணில் படவில்லை. உன் கறுப்பு மணியிலும் நீல மணியிலும் ஒரு குற்றமும் இல்லை, நிறத்தை மாற்றாதே. இந்தக் கடிதத்தில் வரிகள் மேடும் பள்ளமுமாகப் போவதைப் பார்த்து நீயே கண்டுபிடித்திருப்பாய். ஆபரேஷனுக்கு இரண்டு தடவை நாள் குறித்தார்கள், மகள் வரட்டும் என்று சொல்லி இரண்டு தடவையும் தள்ளிப் போட்டேன், உன்னிடமோ மெதுவாக வா என்று சொன்னேன், இதில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் புத்திசாலி என்று தெரியவில்லை.

அம்மா இருந்த காலத்தில் இந்த வித்தை எனக்குப் பலித்ததே இல்லை, நினைவிருக்கிறதா. நான் சுகம் என்று சொல்லி முடிப்பதற்குள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, மக்கா, அப்பா சொல்லுகதை நம்பாதே, நேத்து ராவு முழுக்க பனிக்காச்சலாக்கும், மேலு தீயாட்டு சுட்டுது என்று உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். எனக்கு அப்போது எரிச்சலாக வரும், நாட்டுக்குள்ளேயே ஒற்றனை வைத்துக்கொண்டு எப்படி ஆள்வது என்று. இப்போது இரண்டு வருடமாக ஆளுநர் சொல்வது மட்டும்தான் தலைநகருக்குப் போகிறது, அதனால் அங்கேயிருந்து பார்த்தால் இங்கே எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். உன் விளையாட்டுக்கு நான் சொல்லும் உண்மையான அபிப்பிராயம் இதுதான் லிஜா, ஒவ்வொரு ஆளுநர் வீட்டிலும் பேரரசருக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஆளை வை. அந்தக் காய்க்கு உன் அம்மா பெயரையே, பிரேமகுமாரி என்று, வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

நீ வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிற பேச்சையும் எடுக்காதே, முன்பு வந்து அந்தக் குளிரில் ஒரு வாரம் பட்டது போதும், ஆளுநரைத் தலைநகருக்கு மாற்ற உன் விதியில் இடமில்லை. கண்ணில் சொட்டு மருந்து விடத்தான் ஆள் என்றால், அதற்குக் கிருஷ்ணம்மா இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க வேலாயுதன் தயார். மருந்து விட ஆள் இல்லாமல் இல்லை, எனக்கு நீ இல்லாமல்தான் இருக்கிறது. டிவியில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமலே போட்டு வைக்கிறேன், ஒரு மனுஷக் குரல் கேட்கட்டும் என்று. இன்னமும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு மறுநாள் காலை பழஞ்சோறாக நானே சாப்பிடுகிறேன். மழை விட்டதும் அந்தப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போன பிறகு ஷெட்டில் அவர்கள் கால் பட்ட ஈரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். தனியாக இருக்கிறேன் மக்கா. போனில் இதைச் சொல்ல வாய் வராது, உன் முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாகவே சுகம் என்று சொல்லிவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதத்தின் முதல் வரியிலும் அப்படித்தான் எழுதிவிட்டேன், அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பழக்கத்தில் வந்தது, கிடக்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகாதே, நூற்றிருபத்தோராம் சங்கீதத்தை மறக்காமல் சொல். உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் கைவேலை ஊரெல்லாம் பேர் பெறட்டும். நாளை காலை வேலாயுதன் போஸ்ட் ஆபீசுக்குப் போகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். கவருக்குள் உன் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன், உன் கையெழுத்துத்தான், ஆள் அனுப்பவும். எந்த ஆள் என்று உன் விதியில் எழுதவில்லை, உன்னைத்தான். அட்டை பத்திரம், தபாலில் திருப்பி அனுப்பாதே, நீயே கையில் கொண்டு வா.

இப்படிக்கு,
எல்லை மாகாணத்தில் இருக்கும் உன் அப்பா
ரெத்தினதாஸ்