விருந்தாளிக்குக் காட்டும் இடம்

ஆகஸ்ட் 5

பிரதமர் ராஜினாமா செய்துவிட்டார். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது என் ஆலோசகர் ப்ரீத் போன் செய்து சொன்னான். மீதி வெண்ணெயைச் சட்டைக் கையில் தடவிக்கொண்டேன்.

எங்கள் கட்சியும் ஐமேயின் கட்சியும் சேர்ந்தால்தான் இனி ஆட்சி. இரண்டு தலைவர்கள், ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார வேண்டும். மாட்டு வைத்தியனாகத் தொடங்கி, ஊராட்சித் தலைவனாகி, விவசாய மந்திரியாகி, கட்சித் தலைவனும் ஆகிவிட்டேன். இன்னும் என்ன தகுதி வேண்டுமாம்? ஆனால் ஆசை இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. "நாடு எதை முடிவு செய்கிறதோ அதுதான்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஆகஸ்ட் 7

தொலைக்காட்சிப் பேட்டி. நேரலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பால் விலை, எல்லைப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னேன். ஒளிவுமறைவில்லாத ஆட்சி தருவேன் என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, அப்படியானால் எந்தக் காட்டில் காளான் பறிப்பீர்கள் என்று கேட்டாள். எங்கள் நாட்டில் உயிரே போனாலும் எந்தக் குடும்பமும் வெளியே சொல்லாத ரகசியம் அது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இந்த வாய் இருக்கிறதே — லேப்பா ஏரியின் தென்கரை, பழைய பால்கேன் மேடையைத் தாண்டி இடது பக்கம், இரட்டை பிர்ச் மரத்துக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டேன்.

கேமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது என் இடம்கூட இல்லை. என் மனைவி மெரிக்கெ வீட்டாருடைய இடம். கல்யாணமாகிப் பத்து வருஷம் பொறுத்துத்தான் எனக்கே காட்டினார்கள்.

பிறகு: மெரிக்கெ போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 8

மெரிக்கெ போனை எடுக்கவில்லை. மாமியார் எடுத்தார். "மாப்ளே, பாத்தோம்" என்றார். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9

சனிக்கிழமை என்பதால் தலைநகர் தாலினிலிருந்து வோருவில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். ஏரிக்குப் போகிற மண் சாலையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்கு மேல் பக்கத்து நாடான லாட்வியா நம்பர். ஒரு பேருந்து வேறு. ஆளுக்கொரு வாளி. ஒரு அம்மாள் என்னை அடையாளம் கண்டு, ரொம்ப நன்றி என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் புது உருளைக்கிழங்கு, மேலே புளித்த பாலேட்டில் வேகவைத்த காளான். எனக்கு உருளைக்கிழங்கு. சுடுகல்லில் நீராவி எழுப்பிக் குளிக்கும் சவுனா அறையில் கடைசி முறை என்னுடையது. நான் போனபோது கல்லெல்லாம் ஆறிக்கிடந்தது. வெறும் பலகையில் நிர்வாணமாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு, நான் ஒரு மந்திரி என்று எனக்கு நானே நினைவுபடுத்திக்கொண்டேன்.

மெரிக்கெ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உன்கிட்ட ஒரு விஷயத்த நம்பிச் சொல்லலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு."

பெஞ்சு மேல ஏத்தின பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்னேன்.

ஆகஸ்ட் 12

அதே கேள்வியை இப்போது நாடே கேட்கிறது. ஐமே கூட்டணிப் பேச்சை நிறுத்தி வைத்துவிட்டாள். பத்திரிகையாளர்களிடம் முகத்தை வெகு வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னாளாம்: சொந்த வீட்டுக் காளான் இடத்தையே இரண்டாம் முறை கேட்பதற்குள் சொல்லிவிட்டவரிடம் கூட்டணி நாடுகளின் ராணுவ ரகசியங்களை எப்படி ஒப்படைப்பது?

அபாண்டம் என்று கத்த நினைத்தேன். யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ப்ரீத் ஒரு யோசனை சொன்னான். நாக்கு குழறியது, வேறு ஏரியைச் சொல்ல வந்தேன் என்று அறிக்கை விடலாமாம். அதற்குள் ஆயிரம் பேர் வாளி நிறையப் பறித்துக்கொண்டு போயாகிவிட்டதே, முட்டாளே.

ஆகஸ்ட் 15

ராணுவத் தலைமையகத்தில் கூட்டம். நான் உள்ளே நுழைந்ததும் தளபதி வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். வானிலை பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 16

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

மறுபடியும் வோரு. முற்றத்தில் மெரிக்கெயும் மாமியாரும் உட்கார்ந்து காளான் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பெரிய கூடை. மஞ்சளாக, கொழுகொழுவென்று, ஒரு புழு இல்லை. அந்த ஏரிக்கரையில்தான் புல்கூட மிச்சமில்லையே, இது எங்கிருந்து வந்தது என்று நான் வாய் திறப்பதற்குள் வேலிக்கு வெளியே ஒரு நிருபர் வந்து அதையே கேட்டார். உங்கள் இடத்தைத்தான் ஊரே மிதித்துவிட்டதே அம்மா என்றார்.

மெரிக்கெ கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அதுவா? அது விருந்தாளிங்களுக்குக் காட்டுற இடம்."

நிருபர் என்னைப் பார்த்தார். நான் மெரிக்கெயைப் பார்த்தேன்.

அப்படியானால் நிஜமான இடம் எது என்று கேட்டார் நிருபர். "அத அவரு யார்கிட்டயாவது சொன்னாரா? நீங்களே சொல்லுங்க" என்றாள். கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு.

நிருபர் போனை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார்.

நான் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இருபத்தாறு வருஷமா நான் இந்த வீட்டுல விருந்தாளி! வருஷா வருஷம் அந்த இத்துப்போன பிர்ச் மரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடிஞ்சிருக்கேன். கால் கூடை தேத்தினாப் போதும், ரகசியத்துல எனக்கும் பங்கு இருக்குன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்திருக்கேன். அத்தனையும் நாடகமா?

மாமியார் உள்ளே வந்தார். சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். "மனசுல வச்சுக்காதீங்க மாப்ளே. நீங்க நல்லவருதான். ஆனா வாயால பொழைக்கிறவராச்சே. நாங்களும் பாத்துத்தானே நடந்துக்கணும்" என்றார். ஒரு தட்டு காளானையும் என் முன்னால் வைத்தார்.

அழுகையா வந்தது. சாப்பிட்டேன். அவ்வளவு ருசி.

ஆகஸ்ட் 18

நாடு என்னைக் கொண்டாடுகிறது. நேரலையில், கண் இமைக்காமல், முழு நாட்டையும் லாட்வியாவையும் ஏமாற்றிப் போலி இடத்துக்கு அனுப்பிய மூளைக்காரன் என்று தலையங்கம். உளவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இப்படிப்பட்ட முகபாவத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று வானொலியில் சொன்னார். தளபதி தானாகவே போன் செய்தார்.

ஐமே வந்து கை கொடுத்தாள். நாற்காலி உனக்கு, நிதித் துறை எனக்கு என்றாள். போகும்போது குரலைத் தாழ்த்தி, நிஜ இடம் வோருப் பக்கம்தானா, அதை மட்டும் சொல் என்றாள். நான் புன்னகை செய்தேன். வேறு என்ன செய்ய முடியும்? எனக்கே தெரியாதே.

செப்டம்பர் 3

பிரதமர் ஆனேன். மாமியார் தொலைக்காட்சியில் பார்த்தாராம். கழுத்துப்பட்டை கோணலாக இருந்ததாம்.

செப்டம்பர் 21

மெரிக்கெயிடம் இன்று நேரடியாகவே கேட்டேன். நான்தான் இப்போது நாட்டின் எல்லா ரகசியங்களையும் காக்கிறேனே, இன்னும் என்ன பரீட்சை பாக்கி?

"பிரதமர்கிட்ட எப்படிப்பா சொல்றது? நீ எங்க போனாலும் பின்னாடியே ரெண்டு காவல்காரங்க வர்றாங்க."

நியாயம். நாசமாய்ப் போன நியாயம்.

நவம்பர் 14

அமைச்சரவையில் மீன்வளத் துறைக்காரர் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார். ராஜாங்க விஷயம் என்று நினைத்துப் பிரித்தேன். வோரு மாவட்டத்தின் வரைபடம். சரியா தப்பா என்று தலையை மட்டும் ஆட்டுங்கள் என்று கீழே எழுதியிருந்தது. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லாருடைய முகத்திலும் பெரிய மரியாதை.

எனக்குத் தெரியாது என்பதுதான் இப்போது இந்த நாட்டின் மிகப் பெரிய ரகசியம். அதை மூன்று பேர் காக்கிறோம்.

மே 30

ஐமே வரி விஷயத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிறாள். ஒரு வாரமாகப் பேச்சில்லை. சரிப்பட்டு வராது போலிருக்கிறது.

ஜூலை 20

ஆட்சி கவிழ்ந்தது. ஐமே மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள், நாளைக்கு அவள்தான் பிரதமர். கட்சியும் இந்தச் சாக்கில் வேறு தலைவரைப் பார்த்துக்கொண்டது. ப்ரீத் அவரோடு போய்விட்டான், போகும்போது குடையையும் எடுத்துக்கொண்டு. காவல்காரர்கள் இருவரும் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவன் கொஞ்சம் கண்கலங்கினான்.

அறையைக் காலி செய்தேன். ஒரு வருஷம்கூட முழுசா உக்கார விடலையே. சத்தியமா வலிக்குது. அந்த நாற்காலி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வோருவுக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். மாமியார் ஏதும் கேட்காமல் சவுனாவை மூட்டினார். முதலில் குளிக்கும் முறை எனக்கு.

ஜூலை 21

விடியும் முன்பே மெரிக்கெ என் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எந்திரி. போனை இங்கயே வச்சிட்டு வா" என்றாள். வாசலில் மாமியார் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மூன்று கூடைகளோடு நின்றிருந்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார்.

கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. இவ்வளவு பக்கத்திலா! வாரா வாரம் நான் கடந்து போகிற அந்த

இல்லை. எழுத மாட்டேன்.

மூன்று கூடையும் நிறைந்தது.